முதலாண்டு புரோகிராமிங் வகுப்பையே ஆராய்ச்சிக் களமாக்குவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தும் ஆசிரியரை ஆண்டுதோறும் இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. ரிசல்ட் எத்தனை சதவீதம்? பேப்பர் எத்தனை? முதல் கேள்விக்காக வகுப்பிலும் லேபிலும் நாள் முழுக்க நிற்கிறோம். இரண்டாவது கேள்விக்காக இரவில் உட்கார்ந்து, நமக்கும் நம் மாணவர்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு டேட்டாசெட்டை இறக்கி, ஏற்கெனவே பலர் ஓட்டிய மாடலை நாமும் ஓட்டிப் பார்க்கிறோம். முதலாண்டு மாணவருக்கு லூப் ஏன் புரியவில்லை என்பதற்கான சான்றுகளோ தினமும் நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் கையெழுத்துப் போட்டு, ரெகார்ட் நோட்டாக அடுக்கி, பீரோவில் பூட்டிவிடுகிறோம்.

அந்தச் சான்றுகளைப் படிப்பதற்கென்றே கம்ப்யூட்டிங் கல்வி ஆராய்ச்சி என்று ஒரு துறை இருக்கிறது. கம்ப்யூட்டர் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏ.சி.எம்.மின் கல்விப் பிரிவான சிக்சீ 1970 முதல் மாநாடு நடத்துகிறது. இந்தத் துறையின் ஆராய்ச்சிக்கு மட்டுமேயான ஐசர் மாநாடு 2005இல் தொடங்கியது. இந்தியாவில் ஏ.சி.எம். இந்தியா 'கம்ப்யூட்' மாநாட்டை நடத்துகிறது. ஐ.ஐ.டி. மும்பையில் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டமே செய்யலாம். ஜி.பி.யூ. வேண்டாம், நிதி வேண்டாம், ஒரு செக்‌ஷன் மாணவர்கள் இருந்தால் போதும். முதலாண்டு புரோகிராமிங் நடத்துபவர் தன் வகுப்பைப் பற்றிச் செய்யும் ஆராய்ச்சிதான் அவரால் மிக நேர்மையாகச் செய்யக்கூடிய ஆராய்ச்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எப்படித் தொடங்குவது, எங்கெல்லாம் வழுக்கும் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் எதையும் மாற்றாதீர்கள், பாருங்கள்

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஆர்வக்கோளாறில் முதல் வாரமே ஒரு ஆப் செய்யவோ, கேம் வைத்து நடத்தவோ கிளம்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் மாணவர்களின் தவறான விடைகளை மட்டும் சேகரியுங்கள். மதிப்பெண்ணைக் குறிக்க வேண்டாம், விடையை அப்படியே எழுதி வையுங்கள்.

எந்தக் கேள்வி கேட்பது? நான்கு வரி போதும். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே பெயராக வைக்கலாம் என்பதால் இதை அப்படியே ஓட்டியும் பார்க்கலாம்:

அ = 5
ஆ = 7
அ = ஆ
ஆ = அ

முடிவில் அ, ஆ இரண்டிலும் என்ன இருக்கும்? சரியான விடை 7, 7. இதைத் தாளில், கம்ப்யூட்டர் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு தவறான விடைகளை வகை பிரியுங்கள்.

'7, 5' என்று எழுதியவர் நான்கு வரிகளையும் ஒரே பார்வையில் பார்த்து, 'இடம் மாற்றுகிறார்கள்' என்று முடிவு செய்திருக்கிறார். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன என்பது அவர் மனதில் இன்னும் உட்காரவில்லை. '5, 5' எழுதியவர் மதிப்பு இடமிருந்து வலமாகப் போகிறது என்று நினைக்கிறார். '0, 7' எழுதியவரைக் கவனியுங்கள். ஆ-வில் இருந்ததை எடுத்து அ-வுக்குக் கொடுத்துவிட்டால் ஆ காலியாகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின்படி அவர் ஒரு தவறும் செய்யவில்லை! 'எரர் வரும்' என்று எழுதியவர் சமக்குறியைப் பள்ளிக் கணக்கில் படித்தபடியே படிக்கிறார். 5 எப்படி 7க்குச் சமமாகும்?

நான்கு பேருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டால் நான்கு பேரும் ஒன்றாகத் தெரிவார்கள். விடையை எழுதி வைத்தால் நான்கு விதமான புரிதல்கள் தெரியும், நான்குக்கும் மருந்து வேறு. புரோகிராம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள, மாணவர் மனதில் சரியாகப் பதிய வேண்டிய கற்பனைக் கம்ப்யூட்டரைத்தான் பெனடிக்ட் டு பூலே 1980களில் 'நோஷனல் மெஷின்' என்று பேசத் தொடங்கினார். இந்தத் துறையின் மையக் கருத்துகளில் ஒன்று அது.

இது நம் ஊர் மாணவர்களுக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. 2001இல் மெக்ரேக்கன் தலைமையிலான குழு பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரியான புரோகிராமிங் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தது. 110க்குச் சராசரி மதிப்பெண் 22.89தான். 'இவர்களுக்குத் தீர்வு யோசிக்கத் தெரியவில்லை' என்று பலரும் முடிவு கட்டினார்கள். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் குழு இன்னொரு படி கீழே இறங்கியது. எழுதச் சொல்லாமல், எழுதிய கோடைக் கொடுத்து 'இது என்ன அவுட்புட் தரும்', 'விடுபட்ட இடத்தில் எது வரும்' என்று மட்டும் கேட்டது. அதிலேயே கணிசமானோர் தடுமாறினார்கள். வாசிக்கத் தெரியாதவரை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நம் லேபில் முதல் நாளே 'புரோகிராம் எழுது' என்றுதானே தொடங்குகிறோம்?

படி 2: சில பேரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்

தாளில் விடை தெரியும், காரணம் தெரியாது. ஐந்தாறு பேரைத் தனித்தனியாக அழைத்து, கோடை வரிவரியாக வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நன்றாகப் படிப்பவர், சுமாராகப் படிப்பவர், வகுப்பில் வாயே திறக்காதவர் என்று கலந்து எடுங்கள். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யலாம். தமிழில் பேசச் சொல்வது முக்கியம். ஆங்கிலத்தில் கேட்டால் மனப்பாடம் செய்த வரையறை வரும். 'for i in range(3)' என்ற லூப் வரியில் பேச்சு இப்படிப் போகலாம்:

"இந்த வரிக்கு வந்துட்டோம். இப்ப என்னம்மா நடக்கும்?"

"ஐ-க்கு மூணு போயிடும் மேம்."

"சரி, மூணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது... ரேஞ்ச்ல மூணு போட்டிருக்கே மேம்."

ரேஞ்ச் மூன்று என்றால் ஐ 0, 1, 2 என மூன்று முறை சுற்றும். இந்த மாணவியின் மனதில் லூப் சுற்றவே இல்லை, ஒரு எண் ஒருமுறை ஐ-க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை எந்தச் செமஸ்டர் வினாத்தாளும் உங்களுக்குச் சொல்லித் தராது. இங்கே உடனே திருத்தும் கை அரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் முழுவதும் சொல்லி முடித்த பிறகு சொல்லிக் கொடுக்கலாம். நடுவில் திருத்தினால் மீதிப் பேட்டி முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்தே விடை சொல்வார்.

படி 3: கேள்வியைச் சுருக்குங்கள்

'பைத்தான் கற்பித்தலை மேம்படுத்துவது எப்படி' என்பது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. அதற்கு விடை கிடைத்ததா என்று எந்த நாளிலும் சொல்ல முடியாது. 'வாரம் ஒருமுறை தாளில் டிரை ரன் செய்யும் (கோடை வரிவரியாகக் கையால் ஓட்டிப் பார்க்கும்) மாணவர்கள், அதே நேரத்தில் கூடுதலாக ஒரு புரோகிராம் எழுதும் மாணவர்களைவிட, லூப் சார்ந்த கேள்விகளில் நன்றாகச் செய்கிறார்களா?' என்பது கேள்வி. யார், எதை, எதோடு ஒப்பிட்டு, எதில் அளக்கிறோம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. ஒரு செமஸ்டரில் முடியும்.

கேள்வி தயாரானதும், இதை ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். கேட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். வேறு நாட்டில் செய்ததை நம் சூழலில் திரும்பச் செய்து பார்ப்பதும் முழு மதிப்புள்ள ஆராய்ச்சிதான்.

படி 4: ஒரே ஒரு மாற்றம்

வகுப்பில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எதை மாற்றலாம் என்பதற்கு, சான்றுகள் வலுவாக உள்ள இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 'பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கம்ப்யூட்டர் சயின்ஸில் இதை ஆழமாக ஆராய்ந்தவர்களில் லியோ போர்ட்டரும் பெத் சைமனும் முக்கியமானவர்கள். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுத் தேர்ச்சி விவரங்களை ஒப்பிட்டு அவர்கள் குழு 2013இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இம்முறையில் நடத்திய பாடங்களில் தோல்வி விகிதம் 20 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது.

செய்முறை எளிது. மேலே பார்த்தது போன்ற நான்கு வரிக் கேள்வியை நான்கு விடைகளோடு போர்டில் எழுதுங்கள். சரியான விடையும், நீங்கள் படி 1இல் சேகரித்த தவறான விடைகளில் மூன்றும்தான் இங்கே தேர்வுகள். அதனால்தான் அந்தப் படியை விடக்கூடாது என்றேன். ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து, நான்கு நிற அட்டைகளில் ஒன்றைத் தூக்க வேண்டும். பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கிளிக்கர் கருவி தேவையே இல்லை. வண்ணச் சார்ட் அட்டையை வெட்டினால் போதும். கடைசி பெஞ்சு வரை தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை கையில் இருக்கும். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். மறுபடியும் அட்டை தூக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே நீங்கள் விளக்க வேண்டும்.

முதல் சுற்றில் 35 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் நல்ல கேள்வி என்பது மசூர் குழுவின் அனுபவம். அதற்குக் கீழே போனால் வாதாடச் சரக்கு இல்லை, நீங்களே விளக்கிவிடுங்கள். மேலே போனால் அடுத்ததுக்குப் போகலாம். ஐம்பது நிமிட பீரியடில் இரண்டு அல்லது மூன்று கேள்விக்கு மேல் ஓடாது. 'போர்ஷன் முடியாதே' என்ற பயம் நியாயமானது. சின்டாக்ஸ், வரையறை போன்றவற்றை முந்தின நாளே படித்து வரச் சொல்வதுதான் வழி. வகுப்பு நேரம் புரியாததற்கு.

இரண்டாவது 'பார்சன்ஸ் புராப்ளம்'. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பேட்ரிசியா ஹேடனும் 2006இல் அறிமுகப்படுத்தியது. சரியான புரோகிராமின் வரிகளைக் கலைத்துக் கொடுப்பீர்கள், மாணவர் வரிசைப்படுத்த வேண்டும். லேபில் கணினிகள் பற்றாத நாளில் காகிதத்தில் அச்சிட்டு வெட்டிக் கொடுக்கலாம். இதில் வேண்டுமென்றே ஒரு தவறான வரியையும் கலந்து வையுங்கள். பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமில் 'பெரியது = 0' என்ற வரியையும் 'பெரியது = பட்டியல்[0]' என்ற வரியையும் சேர்த்தே கொடுங்கள். பலர் முதல் வரியைத்தான் எடுப்பார்கள். பட்டியலில் -4, -9, -2 மட்டுமே இருந்தால் என்ன வரும் என்று கேளுங்கள். அந்த மேசையில் அடுத்த பத்து நிமிடமும் நீங்கள் பேச வேண்டியதில்லை.

படி 5: ஒப்பீடு, அதிலுள்ள பொறிகள்

'ஏ செக்‌ஷனில் புதிய முறை, பி செக்‌ஷனில் பழைய முறை, ஏ அதிக மதிப்பெண் எடுத்தது, ஆகவே புதிய முறை சிறந்தது.' இப்படி எழுதிய கட்டுரைகள் ஏராளம். நம் கல்லூரிகளில் இது அநேகமாக நிற்காது. பல இடங்களில் சேர்ந்த வரிசைப்படிதான் செக்‌ஷன் பிரிக்கிறார்கள். கவுன்சலிங்கின் முதல் சுற்றில் வந்தவர்கள் ஒரு செக்‌ஷனிலும் கடைசியில் வந்தவர்கள் இன்னொன்றிலும் இருந்தால் கட்-ஆஃப்பே வேறு. ஒரு வகுப்புக்கு லேப் காலையில், இன்னொன்றுக்கு சாப்பாட்டுக்குப் பிறகு. ஆசிரியர்களும் வேறு வேறு.

இதைவிடப் பெரிய வேறுபாடு பிளஸ் டூவில் இருக்கிறது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர் பிளஸ் ஒன்னில் சி++ஸும் பிளஸ் டூவில் பைத்தானும் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பயோ-மேத்ஸ் மாணவர் 'பிரின்ட்' கட்டளையையே இப்போதுதான் பார்க்கிறார். அண்ணா பல்கலைக்கழகம் ரெகுலேஷன் 2017இலிருந்து முதலாண்டில் பைத்தான் வைத்த பிறகு இந்த இடைவெளி நேரடியாகவே தெரிகிறது. எனவே ஒவ்வொரு மாணவருக்கும் பிளஸ் டூ குரூப், பயிற்றுமொழி இரண்டையும் கட்டாயம் குறித்து வையுங்கள். கணினி படித்தவர்கள் எந்தச் செக்‌ஷனில் அதிகம் என்று பார்க்காமல் ஒப்பிட்டால், பள்ளி செய்த வேலைக்கு நீங்கள் பெயர் வாங்குவீர்கள்.

நான் பரிந்துரைப்பது மாற்றி மாற்றிச் செய்யும் முறை. லூப் நடத்தும்போது ஏ-வில் புதிய முறை, பி-யில் பழையது. லிஸ்ட் நடத்தும்போது பி-யில் புதியது, ஏ-வில் பழையது. இரண்டு முறையும் புதிய முறை பெற்ற பக்கம் ஏறினால் கட்-ஆஃப்பைக் காரணம் காட்டுவது கடினம். எந்த மாணவரும் நல்ல முறையை முழுவதுமாக இழக்கவும் மாட்டார். ஒரே செக்‌ஷன் மட்டும் உங்களிடம் இருந்தால், கடந்த ஆண்டு இதே கேள்விக்கு மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களைத் தோண்டி எடுங்கள்.

அளக்க, முன்னும் பின்னும் ஒரு தேர்வு. இரண்டிலும் ஒரே கருத்தைச் சோதிக்கும், ஆனால் எண்கள் மாறிய கேள்விகள். 1998இல் இயற்பியல் வகுப்புகளை ஒப்பிட்ட ரிச்சர்ட் ஹேக் பயன்படுத்திய கணக்கு இங்கேயும் உதவும்: எவ்வளவு கூடியதோ அதை, கூட வாய்ப்பிருந்த அளவால் வகுக்க வேண்டும். ஒரு வகுப்பு 40லிருந்து 64க்கு வந்தால் 60இல் 24 கூடியிருக்கிறது, 0.40. இன்னொரு வகுப்பு 55லிருந்து 70க்கு வந்தால் 45இல் 15, அதாவது 0.33. இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது வகுப்புதான் ஜெயித்ததாகத் தோன்றும்.

சராசரியோடு நின்றுவிடாதீர்கள். அடிமட்டத்தில் இருந்த கால்வாசிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று தனியாகப் பாருங்கள். அரியர் வைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். மேலே இருப்பவர்கள் நாம் எப்படி நடத்தினாலும் தேறிவிடுவார்கள். புள்ளியியல் சோதனை செய்தால், வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்பதைப் பார்க்க உதவும் 'பி' மதிப்போடு, வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்டும் விளைவின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

என்.பி.ஏ. அங்கீகாரத்துக்காக, பாடத்தின் இலக்குகளை மாணவர்கள் எட்டினார்களா என்று காட்ட நாம் நிரப்பும் சி.ஓ. அட்டெயின்மென்ட் ஷீட்டை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கேள்விவாரியான மதிப்பெண்கள் அதில் இருப்பதால் தொடக்கத்துக்கு உதவும். மாணவர் என்ன நினைத்து எழுதினார் என்பது அதில் கிடையாது.

படி 6: சம்மதம்

இது பலர் தாண்டிப்போகும் படி. உங்களிடம் படிப்பவர், இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது, 'கலந்துகொள்ள விருப்பமில்லை' என்று எப்படிச் சொல்வார்? ஆகவே சம்மதப் படிவத்தை வேறொரு துறை ஆசிரியர் வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்ற பட்டியலை மார்க் வெளியான பிறகே நீங்கள் பாருங்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் நடக்கும். சம்மதிக்காதவரின் விடைத்தாளை ஆய்வில் சேர்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். முதலாண்டு சேரும்போது நிறையப் பேருக்கு 17 வயதுதான். 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் குழந்தையாகவே கருதுகிறது. படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், வீட்டில் படிக்க வேண்டும். கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் தொடங்கும் முன்பே அனுமதி வாங்குங்கள். ரெஜிஸ்டர் எண்ணை அகற்றி வேறு குறியீடு வைத்துத்தான் ஷீட்டில் ஏற்ற வேண்டும்.

படி 7: தமிழையும் ஆய்வுப்பொருளாக்குங்கள்

வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, லேபில் மாணவர் பக்கத்தில் போய் நின்று "இங்க பாருப்பா, இது உள்ள போயிட்டு வெளிய வருது" என்று தமிழில் விளக்குகிறோம். புரிவது பெரும்பாலும் அந்த இரண்டாவது விளக்கத்தில்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பது சான்றாகாது. ஜெரால்டு சூசைராஜ் தன் குழுவோடு தமிழ்நாட்டு மாணவர்களிடையே தமிழும் ஆங்கிலமும் கலந்து புரோகிராமிங் நடத்துவதை ஆராய்ந்து, 2017, 2018 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். அங்கிருந்து தொடர இடம் நிறைய இருக்கிறது. எரர் மெசேஜைத் தமிழில் விளக்கினால் மாணவர் எவ்வளவு நேரத்தில் தானே திருத்துகிறார்? வைவாவைத் தமிழில் நடத்தினால் தமிழ் வழியில் படித்து வந்தவரின் மதிப்பெண் மாறுகிறதா? இந்தக் கேள்விகளை வேறு நாட்டுக்காரர் வந்து கேட்க மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

படி 8: ஏ.ஐ.யைக் கணக்கில் எடுங்கள்

சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே, 2022இன் தொடக்கத்தில், ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கோடெக்ஸ் என்ற, கோடு எழுதும் ஏ.ஐ. மாடலை முதலாண்டுத் தேர்வு எழுத வைத்தார்கள். 71 மாணவர்களோடு ஒப்பிட்டபோது அது முதல் கால்வாசிக்குள் வந்தது. இன்றைய மாடல்கள் அதைத் தாண்டிவிட்டன. வீட்டில் எழுதி வரும் அசைன்மென்டையும் லேப் ரெகார்டையும் கற்றலின் அளவாக ஆய்வில் வைக்கவே முடியாது. தாளில் டிரை ரன், நேரில் வைவா, 'இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்' போன்ற கேள்விகள் இவைதான் நம்பகமானவை. ஏ.ஐ. கொடுத்த கோடில் தவறு கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி நல்ல ஆய்வுத் தலைப்பு.

படி 9: எழுதுவது, அனுப்புவது

தொடக்கக்காரர்களுக்கு ஏ.சி.எம். இந்தியாவின் கம்ப்யூட் மாநாடே சரியான வாசல். அடுத்து சிக்சீ மாநாடு, ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஐடிக்சீ, பின்லாந்தின் கோலி காலிங். ஆராய்ச்சிக் கட்டுரை தவிர அனுபவ அறிக்கை என்ற தனி வகையையும் சிக்சீயில் ஏற்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல், ஒரு முறையை எப்படி நடைமுறைப்படுத்தினோம், எங்கே தடைபட்டது என்று விவரமாக எழுதலாம். முதல் கட்டுரைக்கு இதுவே பொருத்தம். ஐடிக்சீயின் ஒர்க்கிங் குரூப்பில் சேர விண்ணப்பித்தால் பல நாட்டு ஆசிரியர்களோடு சில மாதங்கள் ஒரே கேள்வியில் வேலை செய்யலாம். மேலே சொன்ன மெக்ரேக்கன், லிஸ்டர் ஆய்வுகள் இரண்டும் அப்படிப் பிறந்தவைதான்.

காசு கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்கள் பக்கமே போகாதீர்கள். யு.ஜி.சி. தான் ஏற்ற ஜர்னல்களைத் தொகுத்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், ஜர்னலின் தரத்தை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கடைசி மூன்று இதழ்களை வாசித்து, அதில் வந்த ஒரு கட்டுரையையாவது உங்கள் வகுப்பில் பயன்படுத்துவீர்களா என்று பாருங்கள்.

எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை என்றாலும் எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கை, எத்தனை வாரம், எந்தக் கேள்விகள், யார் நடத்தினார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதை எல்லாம் கொடுத்தால், இன்னொரு கல்லூரி ஆசிரியர் அதையே திரும்பச் செய்து பார்க்க முடியும். வினாத்தாளைப் பின்னிணைப்பாகக் கட்டாயம் சேருங்கள்.

நாட்காட்டி

வகுப்பு தொடங்கும் முன் நெறிமுறை அனுமதியும் படிவமும். முதல் மூன்று வாரம் விடைகள் சேகரிப்பு, நான்காவது வாரம் பேட்டிகள். முதல் இன்டர்னலுக்கு முன் முன்தேர்வு. அதன் பிறகு மாற்றம், இடையில் செக்‌ஷன்களை மாற்றுவது. மாடல் எக்ஸாம் வாரத்தில் புதிதாக எதையும் வைக்காதீர்கள், ஒருவரும் கவனம் கொடுக்க மாட்டார்கள். பின்தேர்வை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். விடுமுறையில் எழுத உட்காரலாம். அடுத்த பேட்ச் வரும்போது அதே நான்கு வரிக் கேள்வியை முதல் வாரமே கொடுங்கள். முடிந்தால், பக்கத்துக் கல்லூரியில் முதலாண்டு நடத்தும் நண்பருக்கும் அந்தத் தாளை அனுப்பி வையுங்கள்.